பெயரைத் தேடுகிறவர்கள்



ராயக்கோட்டையில் ஏதாவது ஒரு ஜெராக்ஸ் கடையில் மே, ஜூன் மாதம் போய் நின்று பாருங்கள். ஐடிஐ முடித்தவர்களும் பாலிடெக்னிக் முடித்தவர்களும் பயோடேட்டா அடிக்கக் காத்திருப்பார்கள். கடைக்காரருக்கு நேரமில்லை. நேற்று வந்த பையனுடைய பயோடேட்டாவைத் திறந்து, பெயரையும் மார்க்கையும் மாற்றி, பிரிண்ட் போட்டுக் கொடுத்துவிடுவார். கடின உழைப்பாளி, எல்லாரோடும் ஒத்துப்போகிறவர், கற்கும் ஆர்வம் உள்ளவர் என்ற மூன்று வரியும் எல்லார் தாளிலும் எழுத்து மாறாமல் இருக்கும். ஈமெயில்? அது பத்தாம் வகுப்பில் கேம் விளையாடத் திறந்தது. 'க்யூட் மஞ்சு 143'.

அந்த 143-க்கு 'ஐ லவ் யூ' என்று அர்த்தம் என்பது ஓசூர் சிப்காட்டில் உட்கார்ந்திருக்கும் ஹெச்.ஆருக்கும் தெரியும். அவரும் ஒரு காலத்தில் பத்தாம் வகுப்புப் படித்தவர்தானே! சிரித்துக்கொள்வார். கொஞ்சம் நேரம் இருந்தால் தாளில் இருக்கும் நம்பரைத் தன் போனில் சேமித்து, வாட்ஸ்அப்பில் பையன் என்ன படம் வைத்திருக்கிறான் என்று பார்ப்பார். பெயரை ஃபேஸ்புக்கில், இன்ஸ்டாகிராமில் தேடுவார். மொத்தம் இரண்டு நிமிட வேலை. பையன் நேரில் வந்து நிற்பதற்கு முன்பே அவனைப் பற்றி ஒரு அபிப்பிராயம் உருவாகிவிடுகிறது. இன்று நான் பேச வந்தது அந்த இரண்டு நிமிடத்தைப் பற்றி.

ராயக்கோட்டை என்றால் ஒரு காலத்தில் கோட்டை, பிறகு தக்காளி மண்டி. இன்றைக்கு ஓசூர் ரோட்டில் காலை ஷிஃப்டுக்கு ஓடுகிற கம்பெனி பஸ்களைப் பார்த்தாலே ஊர் எதை நம்பிப் பிழைக்கிறது என்று தெரியும். அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று சுமார் நாற்பது ஆண்டுகளாகத் தொழிற்சாலைகள். உத்தனப்பள்ளிப் பக்கம் டாடா எலெக்ட்ரானிக்ஸ், போச்சம்பள்ளியில் 2021-இல் தொடங்கிய ஓலா. அத்திப்பள்ளி தாண்டினால் பெங்களூரு. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசுகிற இந்த எல்லையில் வேலைச் செய்தி முன்பெல்லாம் மாமா, மச்சான் வாய்வழி வரும். இப்போது வாட்ஸ்அப் குரூப்பில் வருகிறது. சிபாரிசு செய்கிற மாமா 'பையன் தங்கமானவன், நான் பொறுப்பு' என்பார். குரூப்பில் வரும் வேலைக்கு யார் பொறுப்பு சொல்வது? தேடினால் கிடைக்கிற பக்கம்தான் அந்த மாமாவின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

நம்மைப் பற்றிப் பிறர் கணக்கு எழுதுவது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. திப்பு சுல்தானோடு நடந்த போரில் 1791-இல் ராயக்கோட்டையைக் கிழக்கிந்தியக் கும்பினிப் படை பிடித்தது. அடுத்த ஆண்டு நம் வட்டாரம் அடங்கிய பாரமகால் முழுக்க அவர்கள் கைக்குப் போனது. கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாளராக வந்த தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து, ஒவ்வொரு குடியானவன் பெயரிலும் இவ்வளவு நிலம், இவ்வளவு தீர்வை என்று எழுதினார்கள். ரயத்துவாரி முறை வளர்ந்தது இங்கேதான். அந்தக் கணக்கில் குடியானவன் ஒரு வரிகூடத் தன் கையால் எழுதவில்லை. எழுதியது கணக்குப்பிள்ளை. இன்றைக்கு நிலைமை பாதி மாறியிருக்கிறது. உங்களைப் பற்றிய கணக்கில் பாதியை நீங்களே எழுதலாம். மீதிப் பாதியை நண்பர்கள், சொந்தக்காரர்கள், போலீஸ், கோர்ட்டு, கூகுள் எல்லாரும் சேர்ந்து எழுதுகிறார்கள். என் வருத்தமெல்லாம், நம் பிள்ளைகள் தங்கள் கையில் இருக்கிற பாதியை வெற்றுத்தாளாக விட்டு வைத்திருக்கிறார்கள் என்பதே. தப்பாக எதையாவது போட்டுக் கெடுகிறவர்கள் கொஞ்சம் பேர். ஒன்றுமே இல்லாமல் தோற்கிறவர்கள்தான் அதிகம்.

எப்படி என்று சொல்கிறேன். ஒரு பையன் ஓசூரில் சி.என்.சி. லேத்தில் இரண்டு வருஷம் வேலை பார்த்திருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் மஞ்சுநாத். லிங்க்ட்இன் பக்கம் திறந்து 'ஆப்பரேட்டர்' என்று ஒரு சொல் எழுதி விட்டுவிட்டான். ஆள் தேடுகிற கம்பெனிக்காரர் லிங்க்ட்இன்னிலோ நௌக்ரியிலோ சொல் போட்டுத்தான் தேடுவார். 'சி.என்.சி., டர்னிங், ஃபனுக், செட்டர்' என்று தட்டுவார். மஞ்சுநாத் அந்தத் தேடலில் வரவே மாட்டான். அவனிடம் உட்கார்ந்து கேட்டால் கொட்டுகிறான்: ஃபனுக் கண்ட்ரோல் மெஷின், டூல் ஆஃப்செட் தானே போடுவான், ஜாப் மாற்றினால் செட்டிங் தானே செய்வான், முதல் பீஸை மைக்ரோமீட்டரிலும் போர் கேஜிலும் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பான், நைட் ஷிஃப்டில் இரண்டு மெஷினைத் தனியாகப் பார்த்திருக்கிறான். இதை அப்படியே ஐந்து வரியாக எழுதினால் போதும். 'கடின உழைப்பாளி' என்று தனியாகச் சொல்ல வேண்டியதே இல்லை, இரண்டு மெஷின் என்றாலே தெரிந்துவிடும்.

பெயரையும் சரிபார்க்க வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். டி.சி.யில் 'எம். மஞ்சுநாத்', ஆதாரில் 'மஞ்சுநாத் முனிராஜ்', இன்ஸ்டாவில் 'மஞ்சு ராயல்'. ஓசூர் வட்டாரத்தில் மஞ்சுநாத் என்று கூப்பிட்டால் தெருவுக்கு இரண்டு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். தேடுகிறவர் கண்ணில் வேறொரு மஞ்சுநாத் படுகிறான். அவன் பட்டாக்கத்தியால் கேக் வெட்டிய வீடியோ போட்டவனாக இருந்தால் பழி இவனுக்கு. சான்றிதழில் உள்ள பெயர், முகம் தெரிகிற ஒரு படம், படித்த ஐடிஐயின் பெயர் மூன்றும் ஒரே பக்கத்தில் இருந்தால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

பெண்பிள்ளைகள் விஷயம் வேறு. இந்த வட்டாரத்து எலெக்ட்ரானிக்ஸ் ஆலைகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்கிறார்கள். அவர்களுடைய பக்கத்தைப் பார்த்தால் ரோஜாப்பூ, அம்மன், இல்லாவிட்டால் ஒரு சினிமா நடிகை. சொந்த முகத்தைப் போட்டால் வீட்டில் அண்ணன் சத்தம் போடுவார், படத்தை எவனாவது எடுத்துக் கெடுத்துவிடுவான். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது, நான் குறை சொல்ல மாட்டேன். முகம் இல்லாமலும் ஒரு பக்கம் வைக்கலாம். மைக்ரோஸ்கோப்பின் கீழ் என்ன பார்க்கிறார், எந்தப் பயிற்சி முடித்தார் என்று எழுதுவதற்கு முகம் தேவையில்லை.

ஒன்று மட்டும் யாராக இருந்தாலும் செய்யக் கூடாது. வேலையில் சேர்ந்த முதல் நாள் கழுத்தில் தொங்கும் ஐடி கார்டைப் படம் பிடித்து ஸ்டேட்டஸ் போடுவது. அதில் எம்ப்ளாயி நம்பர் இருக்கிறது, ரத்த வகை இருக்கிறது, சிலவற்றில் வீட்டு போன் நம்பரும் இருக்கிறது. மோசடிக்காரன் அதே மாதிரி ஒரு கார்டு செய்து, அந்தக் கம்பெனி பெயரில் போலிப் பக்கம் திறந்து, 'வேலை உறுதி, ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் மட்டும் கட்டுங்கள்' என்பான். நம் பையனுடைய கார்டு இன்னொரு பையனை ஏமாற்றத் தூண்டில் ஆகிவிடும். அப்படி யாராவது பணம் கட்டியிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு போன் செய்யுங்கள். ஆலைக்குள் எடுத்த ரீல்ஸும் ஆபத்து. பல ஆலைகளில் கேட்டிலேயே போன் கேமராவுக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறார்களே, அது சும்மா இல்லை. உள்ளே எடுத்த பத்து வினாடி வீடியோ வேலைக்கே உலை வைக்கும்.

புகழும் இதே வழியில்தான் வருகிறது. புதுக்கோட்டை மாவட்டத்தில் சின்ன வீரமங்கலம் என்று ஒரு கிராமம். அங்கே பெரியதம்பி தாத்தாவும் பேரன்களும் வயல்வெளியில் சமைப்பதை 2018 முதல் படம் பிடித்துப் போட்டார்கள். வில்லேஜ் குக்கிங் சேனல். 2021-இல் தமிழில் முதன்முதலாக ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்ட யூடியூப் சேனல் அது. கேமரா முன்னால் அவர்கள் வேறு யாரோ போல் நடிக்கவில்லை. இன்னொரு பக்கம் டி.டி.எஃப். வாசன். பைக் ஓட்டியே லட்சக்கணக்கான ரசிகர்களைச் சேர்த்தவர். 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே விபத்து, கைது, பிறகு பத்து ஆண்டுக்கு லைசென்ஸ் ரத்து. பைக் செய்கிற ஊர்க்காரர்கள் நாம். பைக் ஓட்டித் தேடிய பெயருக்கு லைசென்ஸ் போனால் என்ன மிச்சம் என்று நம் பையன்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

பழைய பதிவு எத்தனை வருஷம் கழித்தும் வரும். இங்கிலாந்து கிரிக்கெட் வீரர் ஆலி ராபின்சன் 2021-இல் லார்ட்ஸ் மைதானத்தில் தன் முதல் டெஸ்ட் ஆடினார். அன்றைக்கே அவர் 2012, 2013-இல் எழுதிய இனவெறி ட்வீட்டுகளை யாரோ தோண்டி எடுத்தார்கள். நன்றாகப் பந்து வீசியும் அடுத்த டெஸ்டில் அவர் இல்லை. இங்கே சாதிப் பெருமை பேசும் வரிகளைப் பயோவில் எழுதி வைத்திருக்கிற தம்பிகள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நாளைக்கு உங்கள் சூப்பர்வைசர் யார், எந்த ஊர், என்ன ஆள் என்று உங்களுக்குத் தெரியாது. பெங்களூரு ஐ.டி. வேலையிலிருந்து அமெரிக்கா போக நினைப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். விசா படிவத்தில் கடந்த ஐந்து ஆண்டில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளை 2019 முதல் கேட்கிறார்கள். மாணவர் விசாவுக்குக் கணக்கை எல்லாரும் பார்க்கும்படி திறந்து வைக்கச் சொன்னது 2025 ஜூனில். அதே ஆண்டு டிசம்பரில் அந்த விதி ஹெச்-1பி விசாவுக்கும் வந்துவிட்டது.

நாம் எழுதாததும் நம்மை விடுவதில்லை. குற்ற வழக்கில் கீழ்க்கோர்ட்டில் தண்டனை பெற்று, மேல்முறையீட்டில் விடுதலையான ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். பெயரைத் தேடினால் தீர்ப்பு வந்து நிற்கிறது, பெயரை நீக்குங்கள் என்றார். 2021-இல் தனி நீதிபதி மறுத்துவிட்டார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு நீக்கச் சொன்னது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை போட்டது. அவர் பெயரை நான் சொல்லப் போவதில்லை, அவர் கேட்டதே அதுதானே. விடுதலை என்று கோர்ட்டு சொன்ன பிறகும் தேடுபொறியிடம் போராட வேண்டியிருக்கிறது என்றால், அந்த இரண்டு நிமிடத் தேடலை எவ்வளவு நம்பலாம்?

ஆகவே கடைசியாகப் பேச வேண்டியது தேடுகிறவர்களிடம். ஹெச்.ஆர். நண்பர்களே, காண்ட்ராக்டர் அண்ணன்மார்களே, வாட்ஸ்அப் படத்தில் பையன் கூலிங்கிளாஸ் போட்டிருக்கிறான், நெற்றியில் என்ன வைத்திருக்கிறான் என்பதெல்லாம் அவன் கை வேலையைச் சொல்லாது. முன்பு ஆள் எடுக்கும்போது லேத் முன்னால் நிறுத்தி, ஒரு ராடைக் கையில் கொடுத்து, இந்த அளவுக்குக் கடைந்து காட்டு என்று ட்ரேட் டெஸ்ட் வைப்பார்கள். சில கம்பெனிகளில் இன்னும் வைக்கிறார்கள். அந்தப் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.