தம்மைத் தாமே எழுதுதல்



தற்புகழ்ச்சி தகாது என்று இளமை முதலே கேட்டு வளர்ந்தவர்கள் தமிழர்கள். தம் பெருமையைத் தாமே பேசுவோரை ஊர் மதிப்பதில்லை. இத்தகைய வளர்ப்பில் வந்த ஓர் இளைஞரை நோக்கி, "உம்மைப் பற்றி நீரே ஒரு கட்டுரை எழுதி அனுப்புக" என்று ஒரு வாணிக நிர்வாகக் கல்லூரி கேட்டால், அவர் திகைப்பது இயல்பே. அந்தமானில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் சிலர் இத்திகைப்புடன் நம்மிடம் வருவதுண்டு. மொழிபெயர்ப்பு நம் தொழிலாதலின், தமிழில் நினைத்ததை ஆங்கிலத்தில் ஆக்கித் தருவோம் என்பது அவர்கள் எண்ணம். மொழி அங்கே இரண்டாவது இடர்தான்; எதைச் சொல்வது என்பதே முதல் இடர்.

கல்கத்தாவிலும் ஆமதாபாத்திலும் இந்திய மேலாண்மைக் கழகங்கள் 1961-ஆம் ஆண்டில் தோன்றின. திருச்சிராப்பள்ளியில் 2011-இல் ஒன்று தொடங்கியது. இவற்றின் ஈராண்டுப் படிப்பிற்குப் பொது நுழைவுத் தேர்வும், முன்பு பெற்ற மதிப்பெண்களும், நேர்காணலுமே பெரிதும் வழி திறக்கின்றன. ஆனால், சில ஆண்டுகள் பணியாற்றியவர்களுக்கென அமைந்த படிப்புகள் பலவற்றிற்கும், ஐதராபாத்தில் 2001-இல் தொடங்கப்பெற்ற இந்தியன் ஸ்கூல் ஆப் பிசினஸ் போன்ற கல்லூரிகளுக்கும், வெளிநாட்டுக் கல்லூரிகளுக்கும் கட்டுரை வேண்டும். "உமக்கு எல்லாவற்றினும் முக்கியமானது எது? ஏன்?" என்பது அமெரிக்காவின் ஸ்டான்போர்டு வாணிகக் கல்லூரி பல ஆண்டுகள் கேட்டுவந்த வினா. மதிப்பெண் பட்டியல் சொல்லாத மனிதரை அறிவதே இவ்வினாக்களின் நோக்கம்.

இது தற்புகழ்ச்சி ஆகாதா? பவணந்தி முனிவர் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே இதற்கு விடை கூறியிருக்கிறார். தன்னைப் புகழ்தல் கற்றவனுக்குத் தகும் இடங்கள் நான்கு என்கிறது நன்னூல். அரசவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றலை அறியாதவரிடையிலும், அவையில் வெல்லவேண்டிய பொழுதிலும், எதிரி தன்னைப் பழித்த காலத்தும் அது குற்றமாகாது. கல்லூரிக்கு எழுதும் விண்ணப்பம் அவைக்கு விடுக்கும் ஓலையே. அதைப் படிப்பவரும் நம் ஆற்றலை அறியாதவரே. ஆகவே, கூச்சத்தை விடுத்து எழுதலாம். ஆனால், இலக்கணம் கூறுவது உள்ள ஆற்றலை உரைப்பதைத்தான். இல்லாததைப் புனைவதை அன்று.

எவ்வாறு எழுதுவது? "நான் உழைப்பாளி, தலைமைப் பண்பு மிக்கவன்" என்ற வரிகளை ஆயிரம் பேர் எழுதுவர்; நினைவில் நிற்பது செயலே. 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற போர்ட் பிளேயரில், தந்தையின் மளிகைக் கடையைக் கவனித்த ஒருவரைக் கருதுவோம். சென்னையிலிருந்து கடல் வழியாக வருவதற்குள் வெங்காயத்தில் ஒரு பகுதி அழுகிவிடுகிறது. அவர் ஒவ்வொரு வருகையிலும் நேர்ந்த சேதத்தைக் குறிப்பேட்டில் எழுதுகிறார், பிறகு கொள்முதலை இரண்டு கப்பல்களுக்குப் பிரித்து அனுப்பச் செய்கிறார், நஷ்டம் குறைகிறது. இதனை உள்ளவாறு எழுதினாற் போதும். இடர் என்ன, தாம் செய்தது என்ன, விளைவு என்ன, எஞ்சிய ஐயம் என்ன என்ற நான்கும் அதில் உள்ளன. அந்த ஐயத்தைத் தீர்க்கும் கல்வியை நாடுகிறேன் என்று முடித்தால், படிப்பின் நோக்கமும் விளங்கிவிடும்.

இன்னொன்று சொல்லவேண்டும். 1964-இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின் வழி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பியவர்களில் சில குடும்பங்கள் நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. அத்தகைய குடும்பத்தின் பேரப்பிள்ளை எழுத அமரும்போது, பாட்டி ரப்பர் பால் வெட்டியதை மறைத்து, "தோட்டத் தொழில்துறைப் பின்னணி" என்று பூசி எழுதத் தோன்றக்கூடும். மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில் நாம் சொல்வது இது: அந்தச் சொற்றொடருக்கு எம்மொழியிலும் உயிர் இல்லை. பாட்டி விடியற்காலையில் கத்தியோடு புறப்பட்டாள் என்பதற்கு எல்லா மொழியிலும் உயிர் உண்டு. அவளை மறைத்து வாங்கும் இடத்தில் பேரனுக்குப் பாதி இடம்தான் கிடைக்கும்.

மறைப்பது ஒரு குறையெனில், துயரத்தை விலைபேசுவது மற்றொன்று. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை கச்சாலைக் கொடிதாகத் தாக்கிற்று. அதனை எழுதவே கூடாது என்பதில்லை. இறந்தோரைக் காட்டி இரக்கம் தேடுவதுதான் கூடாது. அதன்பின் குடும்பம் எவ்வாறு நிமிர்ந்தது, அதில் தம் பங்கு யாது என்று எழுதுபவர் இறந்தோருக்கும் மரியாதை செய்கிறார்.

நல்ல முன்மாதிரி நம் மொழியிலேயே இருக்கிறது. 1880-ஆம் ஆண்டு கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்த உ. வே. சாமிநாதையர், தாம் கற்ற நூல்களை அடுக்கிச் சொன்னார். முதலியார் வியக்கவில்லை, சீவக சிந்தாமணி போன்ற பழைய காப்பியங்களைப் பற்றி வினவினார். அவற்றைத் தாம் படித்ததில்லை என்பதை ஐயர் "என் சரித்திரம்" நூலில் ஒளிக்காமல் எழுதுகிறார். அந்தச் சந்திப்பே 1887-இல் வெளிவந்த சிந்தாமணிப் பதிப்பிற்கு வித்து. தம் பெருமையை அவர் எங்கும் பறைசாற்றவில்லை. நடந்ததைச் சொன்னார், பெருமை தானே விளங்கிற்று.

கூலிக்கு எழுதித் தருவோர் இன்று பலர். நொடியில் எழுதித் தரும் கணினிப் பொறியும் வந்துவிட்டது. இரவல் கட்டுரை நேர்காணலில் கைவிட்டுவிடும். தம் கட்டுரையின் ஒரு வரியைக் காட்டிக் கேள்வி கேட்டால், அந்த வரியை வாழ்ந்தவரே விடை கூற இயலும். ஆதலால், முதற்படியைத் தமிழிலேயே எழுதுக. வீட்டிலுள்ள பெரியவருக்குப் படித்துக் காட்டுக. "இப்படியா நடந்தது?" என்று அவர் புருவம் உயர்த்தும் இடத்தைத் திருத்துக. அதன்பின் எளிய ஆங்கிலத்தில் ஆக்குக. குறித்த சொல்லளவைக் கடவாதீர்.

இடம் கிடைப்பதும் கிடையாததும் பலரோடு போட்டியிடும் காரியம். உண்மையாக எழுதிய கட்டுரையோ எவ்வகையிலும் வீணாவதில்லை. தமிழகத்தைவிட்டு வெகுதூரம் வந்துவிட்ட ஒரு குடும்பம், தான் எங்கிருந்து வந்தது, எவ்வாறு பிழைத்தது, இனி எங்கே செல்ல விரும்புகிறது என்பதைத் தன் பிள்ளையின் கையெழுத்தில் காணும் வாய்ப்பு அது.