ஈரக் குப்பையும் எரிஉலைக் கணக்கும்



சென்னைக் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் திட்டத்தைப் பற்றிக் கீழப்பாவூரில் பேசக் காரணம் உண்டு. நீங்கள் காய்கறியை அறிந்தவர்கள். இந்தக் கணக்கும் காய்கறியில்தான் தொடங்குகிறது. உங்கள் பாவூர்சத்திரம் சந்தையில் கழித்துப் போட்ட காய்கறிக் கழிவில் ஒரு கிலோ எடுத்துக்கொள்வோம். அதில் ஏறத்தாழ 850 கிராம் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். அதை ஆவியாக்கவே 500 கிலோகலோரிக்கு மேல் வெப்பம் வேண்டும். மிச்சமுள்ள 150 கிராம் எரிந்து கொடுப்பது சுமார் 600. ஆக, கையில் நிற்பது நூறுகூட இல்லை. அதை மின்சாரமாக்கும்போது பெரும்பகுதி வீணாகும்.

நம் நகரத்து வீட்டுக் குப்பையில் பாதியளவு இப்படிப்பட்ட ஈரக் குப்பைதான். தில்லி திமார்பூரில் 1987இல் டென்மார்க் தொழில்நுட்பத்தில் நாளொன்றுக்கு 300 டன் எரிக்கும் ஆலையைக் கட்டினார்கள். வந்து சேர்ந்த குப்பையில் உலைக்கு வேண்டிய வெப்பம் இல்லை. சில வாரங்களிலேயே நின்றுபோனது. கிலோவுக்கு 1,500 கிலோகலோரியும் அதற்கு மேலும் உள்ள, மறுசுழற்சிக்கு உதவாத குப்பையையே எரிசக்திக்குரியதாக 2016ஆம் ஆண்டு விதிகள் குறித்தன.

அப்படியானால் உலையில் நன்றாக எரிவது எது? பிளாஸ்டிக்கும் காகிதமும் அட்டையும்தான். தூய்மைப் பணியாளரும் குப்பை பொறுக்குவோரும் பழைய இரும்புக் கடையில் போட்டுக் காசு பார்ப்பதும் அவற்றைத்தான். உலைக்குத் தீனி போட வேண்டுமென்றால் அவர்கள் வருமானத்தில் கைவைக்க வேண்டும். எனக்கு இதுதான் பெரிய வருத்தம்.

மின்சாரம் விற்று ஆலை பிழைக்குமா? 2015இல் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் குப்பை மின்சாரத்துக்கு யூனிட் 7.04 ரூபாய் என்று வகுத்தது. 2017இல் ராஜஸ்தானின் பட்லாவில் சூரிய மின்சாரத்தை 2.44 ரூபாய்க்குத் தர ஏலத்தில் முன்வந்தார்கள். சுரண்டைப் பக்கம் காற்றாலைகளைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு இந்த வித்தியாசத்தை விளக்க வேண்டியதில்லை. பற்றாக்குறையை மானியமும் டன்னுக்கு இவ்வளவு என்று மாநகராட்சி கட்டும் தொகையும் ஈடுகட்ட வேண்டும். இருபது, இருபத்தைந்து ஆண்டு ஒப்பந்தத்தில் 'தினமும் இத்தனை டன் தருவோம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டால், மக்கள் குப்பையைக் குறைப்பதே நகரத்துக்கு நட்டமாகிவிடும்.

உலையை ஆதரிப்பவர்கள் சிங்கப்பூரைக் காட்டுவார்கள். அங்கே 1979 முதல் எரிக்கிறார்கள். குப்பை கொட்ட நிலமில்லாத தீவு, டன்னுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்குகிறது. எரித்த பிறகும் சாம்பல் மிஞ்சுகிறது. அதைப் படகில் ஏற்றிச் செமக்காவு தீவில் கொட்டுகிறார்கள். அந்தச் செலவையும் புகையை வடிகட்டும் செலவையும் கணக்கில் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வடசென்னையின் கொடுங்கையூரில் நாளொன்றுக்கு 2,100 டன் எரிக்கத் திட்டமிட்டார்கள். மணலி சுத்திகரிப்பு ஆலை, எண்ணூர் அனல்மின் நிலையங்கள் என ஏற்கெனவே புகையைச் சுமக்கும் வடசென்னை மக்கள் 2025இல் மனிதச் சங்கிலியாக நின்று எதிர்த்தார்கள். அவர்களுடைய மருத்துவச் செலவு எந்த ஒப்பந்தப்புள்ளியிலும் வராது. அவர்கள் பக்கமே நான் நிற்கிறேன்.

கோயம்பேட்டுச் சந்தையில் காய்கறிக் கழிவிலிருந்து எரிவாயு எடுக்க நாளொன்றுக்கு 30 டன்னுக்கான நிலையம் அமைத்தார்கள். தண்ணீர் நிறைந்த கழிவுக்கு அதுவே பொருந்தும் வழி, பாவூர்சத்திரத்துக்கும் பொருந்தும். சென்னை முதலில் வீட்டு வாசலிலேயே ஈரக் குப்பையைத் தனியே வாங்கட்டும். விற்கக்கூடியதைப் பொறுக்குவோருக்கு விடட்டும். ஓராண்டு முழுக்க, மழைக்காலமும் சேர்த்து, மீந்ததை எடை போட்டு வெப்பத்தை அளக்கட்டும். உலை வேண்டுமா, வேண்டுமென்றால் எவ்வளவு பெரியது என்பதை அதற்குப் பிறகு பேசலாம்.