டியூஷனுக்கு முன் ஒரு கேள்வி

கல்லூரியில் மைக்ரோபயாலஜி சேர்ந்த பிள்ளைகள் பலர் முதல் செமஸ்டரிலேயே திணறிப்போய், தனியாகச் சொல்லித்தர ஆள் தேடுகிறார்கள். யாரிடம் போவது? பட்டமும் அனுபவமும் பார்க்க வேண்டியதுதான். அதற்கு முன்னால் ஒன்று கேட்டுப் பாருங்கள்: "கிராம் சாயமேற்றல் எனக்குத் தப்பாகவே வருகிறதே, ஏன் சார்?"

டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884-இல் வெளியிட்ட, பாக்டீரியாவை நிறத்தால் பிரித்தறியும் முறை அது. இன்று கல்லூரிகளில் செய்யும்போது முதலில் ஊதாச் சாயம், அடுத்து அயோடின், பிறகு ஆல்கஹால், கடைசியில் சஃப்ரானின். தடித்த செல்சுவர் உள்ள பாக்டீரியா ஊதாவை விடாது. மற்றவை ஆல்கஹாலில் வெளுத்து, சஃப்ரானினால் இளஞ்சிவப்பாகிவிடும்.

இந்த வரிசையை யார் வேண்டுமானாலும் ஒப்பிப்பார்கள். நல்ல ஆசிரியர் உங்களையே திருப்பிக் கேட்பார்: "ஆல்கஹாலை எத்தனை நொடி விட்டாய்? கல்ச்சர் புதுசா, பழசா? ஸ்மியர் தடிமனா?" நேரம் கொஞ்சம் கூடினால், தடித்த சுவருள்ள ஸ்டஃபைலோகாக்கஸ்கூட இளஞ்சிவப்பாகத் தெரியும். பழைய கல்ச்சரும் அப்படித்தான் ஏமாற்றும். ஸ்மியர் தடித்தாலோ, வெளுக்க வேண்டியதும் ஊதாவாகவே நிற்கும். கை நனைத்தவருக்குத்தான் இதெல்லாம் தெரியும்.

வீட்டிலேயே கிருமி வளர்த்துக் காட்டுகிறேன் என்பவரிடம் மட்டும் போகாதீர்கள். அது ஆய்வகத்தில் செய்ய வேண்டிய வேலை. முதலில் உங்கள் துறையில் எம்.எஸ்சி. படிக்கும் சீனியர்களிடம் விசாரியுங்கள். ஸ்லைடு பார்த்துப் பழகியவர்கள். கட்டணமும் பெரும்பாலும் கட்டுப்படியாகும்.