தவறு செய்து பழக ஓர் இடம்



லிட்டில் இந்தியாவில் சிராங்கூன் சாலையும் ஓவன் சாலையும் சந்திக்கும் இடத்தை நீங்கள் எத்தனையோ முறை கடந்திருப்பீர்கள். 1986ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் தேதி, முற்பகல் வேளையில், அங்கிருந்த ஆறு மாடி நியூ வோர்ல்ட் ஹோட்டல் கட்டடம் ஒரு நிமிடத்திற்குள் சரிந்து விழுந்தது. 33 பேர் மாண்டனர். 17 பேர் உயிருடன் மீட்கப்பட்டனர்.

மீட்கச் சென்றவர்களிடம் துணிவு இருந்தது. இடிபாட்டுக்குள் வழி தோண்டிப் பழக்கம்தான் இல்லை. பெருவிரைவு ரயில் சுரங்கப் பணியில் இருந்த வெளிநாட்டு நிபுணர்கள் தாமாக முன்வந்து கைகொடுத்தார்கள். அதன் பின்னர், 1990இல் குடிமைத் தற்காப்புப் படையில் ‘டார்ட்’ என்னும் சிறப்பு மீட்புக் குழு உருவானது.

ஆனால், பழகுவதற்காக யாராவது ஒரு கட்டடத்தை மக்களோடு இடிக்க முடியுமா? முடியாது. ஆபத்தான தொழில்கள் எல்லாவற்றுக்கும் உள்ள சிக்கல் இதுதான். தவறு செய்யாமல் தொழில் வராது. தவறு செய்தால் உயிர் போகும்.

இதற்கு விடை தேடியவர்களில் விமானத் துறையினரும் உண்டு. அமெரிக்கரான எட்வின் லிங்க் 1929இல் ஒரு பயிற்சிக் கருவியை உருவாக்கினார். ஆர்கன் இசைக்கருவியில் உள்ளதுபோன்ற காற்றுத் துருத்திகளே அதைச் சாய்த்தன, திருப்பின. விமானி தரையை விட்டு எழாமலேயே பறக்கப் பழகினார்.

அதன் இன்றைய வாரிசுதான் மெய்நிகர் தொழில்நுட்பம். கண்ணில் கருவியை மாட்டியதும் சுற்றியுள்ள அறை மறைந்து, வேறோர் உலகம் தெரியும். மிகைமெய் என்பது சற்று வேறு. அதில் எதிரே இருப்பது மறையாது. அதன்மேல் படமும் குறிப்பும் கூடுதலாகத் தெரியும். இயந்திரத்தைப் பழுதுபார்ப்பவருக்கு, அடுத்து எந்த ஆணியைக் கழற்றுவது என்று அந்த இடத்திலேயே காட்டும்.

பயன் உண்டா? அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு ஒன்று 2002இல் வெளியானது. அறுவை சிகிச்சை பயின்ற 16 மருத்துவர்களில் பாதிப் பேர் மெய்நிகர் கருவியில் பழகினார்கள். பிறகு, பித்தப்பை அறுவை சிகிச்சையில் அவர்கள் தங்கள் பகுதியை 29 விழுக்காடு விரைவாகச் செய்தார்கள். மற்றவர்களின் தவறுகள் ஆறு மடங்கு அதிகமாக இருந்தன. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர்கள் இத்தனை மணி நேரம் என்று கணக்குப் பார்த்துப் பழகவில்லை. தேர்ந்த மருத்துவரின் தரத்தை எட்டும்வரை பழகினார்கள்.

இப்போது மீண்டும் சிராங்கூன் சாலைக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை தேக்கா பக்கம் கூடும் நம் ஊழியர்களில் பலர் கட்டுமானத் தளங்களில் உழைப்பவர்கள். சிங்கப்பூரில் வேலையிட விபத்துகளில் 2022இல் 46 பேரும், 2023இல் 36 பேரும், 2024இல் 43 பேரும் உயிரிழந்தனர். உயரத்திலிருந்து விழுவது முக்கியக் காரணங்களில் ஒன்று.

பாதுகாப்பு பெல்ட்டின் கொக்கியை மாட்ட மறந்தால் என்ன ஆகும் என்பதை வகுப்பில் சொல்லலாம், படத்தில் காட்டலாம். மெய்நிகர் கருவியிலோ, ஊழியரே பத்தாவது மாடிச் சாரத்தில் நிற்பதாக உணர்வார். கால் இடறும், வயிறு பகீரென்னும். ஆனால், உடம்பில் கீறல் இருக்காது. அந்தப் பயம் சாரத்தில் ஏறும்போதும் அவருக்கு நினைவு வரும்.

கருவியே எல்லாம் என்று எண்ணிவிடவும் கூடாது. சிலருக்குத் தலை சுற்றும். பெல்ட்டின் கனமும் வெயிலின் களைப்பும் அதில் தெரியா. எங்கே தவறினார், ஏன் தவறினார் என்று உடன் அமர்ந்து பேசும் பயிற்றுநர் இல்லாவிட்டால், அது வெறும் விளையாட்டாகிவிடும். அந்தப் பேச்சு ஊழியரின் தாய்மொழியில் இருக்க வேண்டும். புரியாத மொழியில் வரும் எச்சரிக்கை வெறும் சத்தம்தான்.

விமானிக்கும் மருத்துவருக்கும், தவறு செய்து பழக ஓர் இடம் கிடைத்துவிட்டது. சாரத்தில் ஏறுபவருக்கும் அது கிடைக்க வேண்டும். கையில் சான்றிதழ் வரும்வரை அல்ல, கை தானாகக் கொக்கியைத் தேடும்வரை அவர் பழக வேண்டும். ஊரில் அவருடைய அழைப்புக்காகக் காத்திருக்கும் குடும்பத்துக்கு அதைவிடப் பெரிய உறுதி வேறில்லை.