மூழ்கிய ஊரின் மேல் நீராடுபவர்கள்

மவுசாகலை நீர்த்தேக்கம் வற்றும்போது, 1969இல் மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயில் இடிபாடுகள் தலைகாட்டும். நிரம்பிவிட்டாலோ, அடியிலுள்ள பள்ளமும் சேறும் கரையில் நிற்பவர் கண்ணுக்குப் படாது.

அதன் அருகேதான் நல்லதண்ணி என்னும் ஊர். டிசம்பர் போயா முதல் வெசாக் வரை சிவனொளிபாதமலை யாத்திரிகர் அங்கே வந்து குவிகிறார்கள். களைப்புத் தீரத் தண்ணீரில் இறங்கத் தோன்றும்.

இப்படித் தண்ணீரில் இறங்குவோரைக் காக்கக் கடற்கரைகளில் பொலிஸ் உயிர்காப்புப் பிரிவினர் காவல் நிற்கிறார்கள். பருவ முடிவில் மீட்ட உயிர்களை எண்ணுவது வழக்கம். விசில் ஊதிக் கரைக்குத் திருப்பிய பிள்ளைகளை யார் எண்ணுவது? காவலின் பெரும்பங்கு உழைப்பு அதில்தான் இருக்கிறது.

உலகில் 2021இல் மட்டும் மூழ்கி இறந்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கடலை விட்டு வெகுதூரத்திலுள்ள தோட்டத்து லயப் பிள்ளைகளுக்கும் நீச்சல் அவசியம். அதைக் கற்கும்வரை, தத்தளிப்பவரைக் கண்டால் பின்னால் குதிக்காமல், மூடி இறுக்கிய வெறும் கேனைக் கயிற்றில் கட்டி வீசலாம்.