முழு ஆடை தைக்கக் கற்போம்



1927ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் காந்தியடிகள் இலங்கைக்கு வந்தார். கதர் நிதி திரட்டுவதே அவர் வருகையின் நோக்கம். அவர் மலைநாட்டுக்கும் வந்தார். நாட்கூலியில் வாழ்ந்த தோட்டத் தொழிலாளரும் அந்நிதிக்குத் தம் காசுகளை ஈந்தனர். அக்காசு இந்தியக் கிராமங்களின் இராட்டைகளைச் சுழற்றியது. ஈந்தவர்களின் லயங்களிலோ இராட்டை சுழலவில்லை.

காரணம் வெளிப்படை. பருத்திக்கு வெயில் வேண்டும். ஆறாயிரம் அடிக்கு மேலுள்ள நுவரெலியாவில் மூடுபனியும் மழையுமே மிகுதி. ஆதலால் நம்மவர்க்கு ஆடை என்பது என்றும் வெளியிலிருந்தே வந்தது. கோப்பித் தோட்டக் காலத்திலே, குளிருக்கெனக் கொடுத்த கம்பளியின் விலைகூடத் தொழிலாளியின் பற்றுக் கணக்கில் ஏறிற்று.

இன்று நம் பெண்பிள்ளைகள் பலர் ஆடைத் தொழிற்சாலைகளுக்குச் செல்கின்றனர். 1978இல் தொடங்கிய கட்டுநாயக்கா வலயத்திலும் அவர்களைக் காணலாம். அங்கே ஒருத்தி கழுத்துப்பட்டி மட்டும் தைப்பாள். மற்றொருத்தி கை மட்டும் பொருத்துவாள். ஆண்டுக்கணக்காகத் தைத்தும், தன் தங்கைக்கு ஒரு சட்டை வெட்ட அறியாமலே ஒருத்தி வீடு திரும்பக்கூடும்.

இக்குறையைத் தீர்க்கப் பள்ளியும் வீடும் முயல வேண்டும். 1937இல் வார்தாவில் வகுத்த ஆதாரக் கல்வித் திட்டம், கைத்தொழில் வழியாகவே பாடம் கற்பிக்க முனைந்தது. நாமும் சிறிதாகத் தொடங்கலாம். ஒரு தக்ளியும் சிறிது பஞ்சும் போதும். முறுக்கு ஏற ஏற நூல் வலுப்பெறுவதைப் பிள்ளை தன் விரலாலேயே உணரும். மரச்சட்டத்தில் ஆணி அடித்துப் பாவு கட்டி, ஊடையை மேலும் கீழுமாகக் கோத்தால், துணி பிறக்கும் வகை விளங்கும். பின்னர் அளவெடுத்தல், பழைய பத்திரிகைத் தாளில் வெட்டிப் பார்த்தல், துணியில் வெட்டுதல், கையால் தைத்தல் என்று படிப்படியாகச் செல்லலாம். நம் குளிருக்குக் கம்பளி நூற் பின்னலும் ஏற்றது.

“கடையில் மலிவாகக் கிடைக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு?” என்று கேட்பர். எல்லாவற்றையும் நாமே செய்துகொள்ள வேண்டும் என்பது என் கருத்தன்று. முழு ஆடையையும் செய்யத் தெரிந்தவர் துணியின் தரம் அறிவர். தையலின் உறுதி அறிவர். மூத்த பிள்ளையின் உடுப்பை இளைய பிள்ளைக்குத் திருத்தித் தருவர். தொழிற்சாலைக்கே சென்றாலும், இயந்திரத்தின் ஓர் உறுப்பாக அல்லாமல், தொழில் அறிந்தவராகச் செல்வர். ஊருக்குத் திரும்பினால், அத்தொழிலே அவருக்குத் துணை நிற்கும்.

பெற்றோரை நான் வேண்டுவது ஒன்றே. ஆண், பெண் என்ற வேறுபாடின்றி, பள்ளியை விட்டு நீங்குமுன் உங்கள் பிள்ளை ஒரு முழு உடுப்பையேனும் தன் கையால் செய்து முடிக்கட்டும்.