வால்வு ஒலிபெருக்கியும் நானும்



மிஷன் பாடசாலையிற் பழகிய கிற்றாருக்கு, பழைய றேடியோ ஒன்றை ஒலிபெருக்கியாக்க முயன்ற கதையைக் கூற வந்துள்ளேன்.

1904இல் பிளெமிங் அமைத்த வால்வினுள், டி பாரஸ்ற் என்பவர் பின்னர்ச் சிறு கம்பிவலையொன்றைச் சேர்த்தார். வலையில் எழும் சிற்றசைவு பெரிய மின்னோட்டத்தை ஆட்டுவிக்கும். கனகராயன்குளத்தவர்க்கு மதகைக் காட்டினாற் போதும்: கதவு சிறிது, பாயும் நீரோ பெரிது.

றேடியோவிற் கிற்றாரைப் பூட்டுமுன், ஊரில் றேடியோ திருத்தும் ஐயாவிடம் காட்டினேன். அவர் ரெஸ்ரரைத் தகட்டில் வைத்தார், விளக்கு எரிந்தது. "தம்பி, வாசிக்கவோ, சாகவோ?" என்றார்.

அந்த றேடியோவில் மின்மாற்றியே இல்லை. தகடு நேரே மின்கம்பியோடு இணைந்திருந்தது. கிற்றார்த் தந்திகளும் அத்தகட்டோடுதான் இணையும். தந்தியைத் தொடுபவன் 230 வோல்ற்றைத் தொடுகிறான்!

பின்னர், 1950களின் பிற்பகுதியில் வந்த அமெரிக்கப் 'பெண்டர் சாம்ப்' அமைப்பைப் பின்பற்றி, புதுத் தகட்டில், தனி மின்மாற்றியும் நிலக்கம்பியும் வைத்துக் கட்டினேன். 12ஏஎக்ஸ்7, 6வி6, 5வை3 என மூன்றே வால்வுகள். ஏறத்தாழ 5 வாற்று. ஆளியை அணைத்த பின்னும் கொள்ளளவிகளில் முந்நூறு வோல்ற்றுக்கு மேல் தங்கியிருக்கலாம். அதைத் தடையொன்றினால் வடித்து, மீற்றரால் அளந்த பின்பே கைவைப்பேன்.

ஒலி வெளிவரும் முனையிலிருந்து திரும்பிவரும் கம்பியைக் கழற்றிப் பார்த்தேன். ஓசை பெருகிக் கரகரத்தது. பாடுவோர் குரல் அமிழ்ந்தது. மீண்டும் பூட்டிவிட்டேன்.

இளைஞர்களே, துணிவு நல்லது. கேட்டறிந்த துணிவு உயிர் காக்கும்.